ஐந்தேகால் பேருந்தும் கடைசி ரீலும்

திருக்கழுக்குன்றத்துத் திரையரங்கில் நான் பார்த்த படங்களை எண்ணிப் பட்டியல் போட்டிருக்கிறேன். இருபத்தாறு. ஒன்றைத் தவிர எதிலும் கடைசி அரை மணி நேரத்தை அங்கே பார்த்ததில்லை.

காரணம் ஐந்தேகால் பேருந்து. எங்கள் ஊர் மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரம். ஞாயிற்றுக்கிழமை விடியலில் அம்மாவும் தெருப் பெண்கள் ஐந்து பேரும் மீன் விற்கத் திருக்கழுக்குன்றம் போவார்கள். நானும் போவேன். மதியத்துக்குள் விற்றுவிடும். குழாயடியில் கை கால் கழுவி, கூடைகளைத் திரையரங்கின் சைக்கிள் ஸ்டாண்டில் கவிழ்த்துவிட்டு, இரண்டரை மணி ஆட்டத்துக்கு உட்காருவோம். மீன் கூடையை ஏற்றவிடும் கண்டக்டர் ஐந்தேகால் வண்டியில் மட்டும்தான் இருந்தார். மற்றவர்கள் கூடையைக் கண்டதும் விசில் ஊதிவிடுவார்கள். படம் முடிய ஐந்தரை ஆகும். அதனால் ஐந்து மணிக்குப் பெண்கள் பக்கத்தில் ஒரு பெஞ்சு முழுக்க எழுந்துவிடும்.

"மீன் பஸ்ஸு கெளம்பிடுச்சு டோய்!" என்று ஆண்கள் பக்கத்திலிருந்து குரல் வரும்.

"வா, அடுத்த வாரம் உனுக்கு வெறுங் கொழம்புதான்" என்பாள் எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியம்மா. முடிவைப் பேருந்தில் அவர்களே பேசி முடித்துக்கொள்வார்கள்.

எனக்குப் பதினோரு வயதில் ஒரு படம் வந்தது. வெள்ளத்தில் பிரிந்துபோன அக்கா, தங்கை. ஐந்து மணிக்குத் தங்கை ஆஸ்பத்திரிக் கட்டிலில் கண் மூடிக் கிடக்கிறாள், அக்கா ஓடி வருகிறாள். யாரும் எழுந்திருக்கவில்லை. அம்மா முன் பெஞ்சின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் ஒரு தங்கை உண்டு, முட்டுக்காட்டில். என் காதுகுத்தில் பந்தியில் தன்னை யாரும் உட்காரச் சொல்லவில்லை என்று எழுந்து போன சித்தி. மூன்று வருடமாகப் பேச்சில்லை.

பெரியம்மாதான் வழி சொன்னாள். "பாப்பா கையில கூடையா கீது? அது எந்த வண்டியில வேணா வரும். இருந்து பாத்துட்டு வரட்டும்."

என்னைத் தனியே எங்கும் விடாத அம்மா உடனே தலையாட்டினாள். பெண்கள் பக்கத்தில் டிக்கெட் கிழிக்கும் பெண்ணிடம் என்னை அடுத்த வண்டியில் ஏற்றிவிடச் சொன்னாள். வாசல் வரை போனவள் திரும்பி வந்தாள். "கண்ண சிமிட்டாம பாரு. சின்னவ கண்ணு தொறக்கறாளான்னு பாத்துக்கோ."

பெஞ்சில் நான் மட்டும். குழாயடியில் நனைந்த சேலைகளோடு அவர்கள் உட்கார்ந்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது. அக்கா வந்தாள். தங்கையின் கையைப் பிடித்தாள். தங்கையின் முகம் திரை முழுக்கப் பெரிதாகியது. அந்த நேரம் பார்த்து, கூட்டம் நெருக்காமல் வெளியேற வேண்டுமென்று எப்போதும் செய்வதுபோல், மேற்குப் பக்கக் கதவுகளைத் திறந்துவிட்டார்கள். மாலை வெயில் நேராகத் திரையில் விழுந்தது. முகம் வெறும் வெள்ளையானது. நான் எழுந்து திரைக்குக் கீழே போய் நின்று அண்ணாந்து பார்த்தேன். வெள்ளைதான். எழுந்து கிளம்பிய கூட்டத்தின் இரைச்சலில் வசனமும் கேட்கவில்லை.

எங்கள் ஊர் நிறுத்தத்தில் ஆறு பேரும் காத்திருந்தார்கள். வரிசையாகச் சொன்னேன்: ஒன்று, அக்கா வந்தாள். இரண்டு, கையைப் பிடித்தாள். மூன்று, கதவைத் திறந்துவிட்டார்கள்.

"கதவு கெடக்குது. சின்னவ இன்னா ஆனா?"

"தெரில பெரிம்மா. வெயிலு வுழுந்துடுச்சு."

"இதுக்கா உன்ன வுட்டுட்டு வந்தோம்? கூடைய தூக்கிப் போட்டுட்டு நானே குந்தினு இருந்திருப்பேன்!"

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. வீட்டுக்கு நடக்கும்போது, "பொழைச்சிருப்பா" என்றாள், என்னிடம் இல்லை.

அடுத்த ஞாயிறு அம்மா மீன் எடுக்கவில்லை. என்னைக் கூட்டிக்கொண்டு முட்டுக்காடு போனாள். சித்தி வாசலில் வலை உதறிக்கொண்டிருந்தாள்.

"இன்னா, வழி தெரிஞ்சுதா?" என்றாள் நிமிராமல்.

அம்மா வரும் வழியெல்லாம் எதையோ முணுமுணுத்துக்கொண்டு வந்திருந்தாள். அதில் ஒன்றையும் சொல்லவில்லை. "அந்த அக்கா தங்கச்சி படம் பாத்தியா?" என்று கேட்டாள்.

"பாத்தேன். சின்னவ செத்துட்டா."

"பொழைச்சிகினாடி. எம் பொண்ணு கடைசி வரைக்கும் இருந்து பாத்தா."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். "வெயிலு வுழுந்துடுச்சு சித்தி" என்றேன்.

சித்தி வலையைக் கீழே போட்டாள். "வெயிலு வுழுந்துதாம், இவ பாத்தாளாம். நல்லா வளத்து வச்சிகீற" என்றவள், அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அன்று சாயங்காலம் வரை படத்துத் தங்கை செத்தாளா பிழைத்தாளா என்று சண்டை போட்டார்கள். நடுவில் மீன் வறுத்தார்கள்.

இப்போது சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஓர் அலுவலகத்தில் மென்பொருள் சோதிக்கிறேன். படம் பார்க்க மாலுக்குப் போகிறேன். சாய்வு நாற்காலி, குளிர், கடைசிப் பெயர் ஓடும் வரை குறையாத இருட்டு. யாரும் என்னை எழுப்புவதில்லை. திருக்கழுக்குன்றத்துத் திரையரங்கு சிமென்ட் கிடங்காகிவிட்டது. போன மாதம் அந்தப் படத்தைக் கைப்பேசியில் தேடிப் பார்த்தேன். சித்தி சொன்னதுதான் சரி. அம்மாவிடம் சொல்லவில்லை. அவர்கள் சண்டை இன்னும் முடியவில்லை, கேட்டால் நான் வெயில் பக்கம்.

அந்த ஆறு பேருக்கு நடுவில் இடித்துக்கொண்டு, ஐந்து மணிக்கு எழுந்திருக்க மனமில்லாமல் உட்கார்ந்திருக்க, இன்னும் ஒரே ஒரு ஞாயிறு கிடைத்தால் போதும். முடிவைப் பார்க்கக் கூட வேண்டாம்.