முன்பாரம்

கடைத்தெருவில் அவரை மூட்டை என்றுதான் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் அவரும் திரும்பிப் பார்ப்பார். அங்கே ஒரு துணிக்கடையில் பல வருடம் வேலை பார்த்தார். அலமாரிக்கும் மேசைக்கும் நடுவே அவர் நின்றால் வேறு யாரும் அந்தப் பக்கம் நுழைய முடியவில்லை என்று முதலாளி அவரைச் சரக்கு அறைக்கு மாற்றினார். அங்கே ஏணியில் ஏற வேண்டியிருந்தது. ஏணி ஒடிந்த அன்று வேலையும் போனது. மனைவி அதற்கு முன்பே பிரிந்து போயிருந்தாள்.

ஐம்பதை நெருங்கும் வயதில் ஒரே ஒரு பையோடு தங்கை வீட்டு வாசலில் வந்து நின்றார். தங்கையும் அவள் கணவரும் ஊருக்கு வெளியே மாடு வைத்துப் பால் ஊற்றிப் பிழைத்தார்கள். பிள்ளைகள் இல்லை. "எத்தனை நாளைக்கு வந்திருக்கீங்க" என்று தங்கை கேட்கவில்லை. கொட்டகையை ஒட்டிய அறையில் தீவன மூட்டைகளை ஒரு மூலைக்குத் தள்ளிவிட்டுக் கட்டிலைப் போட்டாள்.

அங்கேயும் அவரால் ஒன்றும் ஆகவில்லை. பால் கறக்கக் குந்தினால் எழுந்திருக்க ஒரு ஆள் வேண்டும். சாணி அள்ளக் குனிந்தால் மூச்சு வாங்கும். சர்க்கரை வேறு இருந்தது. சாப்பாட்டுத் தட்டின் முன்னால் தலையைக் குனிந்தபடியே உட்கார்ந்திருப்பார். இரண்டாவது முறை சோறு கேட்கமாட்டார். பசித்தாலும் கேட்கமாட்டார்.

அந்த வருடம் வைக்கோல் ஏற்றும் நாளில்தான் மாப்பிள்ளை, அதாவது தங்கையின் கணவர், அவரை வயலுக்குக் கூப்பிட்டார்.

அவர்களிடம் ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. மாப்பிள்ளையைவிட அதற்கு வயது அதிகம். பெயிண்ட் எல்லாம் உதிர்ந்து, இரும்பு இருக்கைமேல் சாக்கை மடித்துப் போட்டு ஓட்டுவார். வைக்கோலையோ இப்போதெல்லாம் இயந்திரம் நெஞ்சுயர உருளைகளாகச் சுருட்டிப் போட்டுவிடுகிறது. டிராக்டரின் பின்னால் ஈட்டி போல நீட்டியிருக்கும் இரும்புக் கம்பியில் உருளையைக் குத்தித் தூக்கினால், பின்பாரம் தாங்காமல் முன்சக்கரம் இரண்டும் தரையைவிட்டு எழும்பும். சக்கரம் தரையில் படாவிட்டால் வண்டியைத் திருப்ப முடியாது. அதனால் தங்கை முன்னால் ஏறி நிற்பாள். அவளோ ஒல்லி.

"இவ ஏறினா ஈ உக்காந்த மாதிரி இருக்கு மச்சான். நீங்க ஏறி நில்லுங்களேன்" என்றார் மாப்பிள்ளை.

அண்ணன் ரேடியேட்டருக்கு முன்னால் இருந்த இரும்புச் சட்டத்தில் ஏறி நின்றார். வண்டியின் மூக்கு அப்படியே அமர்ந்தது. உருளையைத் தூக்கியும் முன்சக்கரம் அசையவில்லை.

"கல்லு மாதிரி இருக்கு மச்சான்."

"பொறந்ததுலேர்ந்து தின்னதுக்கு இன்னிக்குத்தான் கணக்கு சரியாச்சு மாப்ளே" என்றார் அவர்.

அன்று இரவு அவர் இரண்டாவது முறையாகச் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். அதன்பின் வைக்கோல் ஏற்றும் நாள் என்றால் யாரும் எழுப்பாமலே தயாராக இருப்பார். பக்கத்துத் தோட்டக்காரர்கள் "என்ன, முன்பாரம் வந்தாச்சா" என்று கேலி செய்வார்கள். மூட்டை என்ற பேருக்கு அது எவ்வளவோ தேவலை என்று தங்கையிடம் சொல்லிச் சிரித்தார்.

அடுத்த அறுவடையில் உருளைகளை வீடு சேர்ப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. நனைந்த வைக்கோல் கிடந்தால் உள்ளே சூடேறி அழுகிவிடும். ஈரம் குடித்த உருளையின் பாரமோ ஏறக்குறைய இரட்டிப்பு.

மழை விட்ட மத்தியானம் மாப்பிள்ளை வண்டியைக் கிளப்பினார். தங்கை தடுத்தாள்.

"கட்டெல்லாம் ஈரமா இருக்குங்க. தரையும் வழுக்குது. ரெண்டு நாள் போகட்டுமே."

"ரெண்டு நாள் போனா குப்பையிலதான் கொட்டணும். அப்புறம் மாட்டுக்கு என்னத்தப் போடுவ?"

"நான் இருக்கேன்ல, பயப்படாதம்மா" என்று அண்ணன் சட்டத்தில் ஏறினார்.

வயலுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு மேடு இருந்தது. முதல் உருளையைச் சாலை வழியாக அதைச் சுற்றிக் கொண்டுவந்தார்கள். இரண்டாவதைக் குத்தித் தூக்குவதற்குள் வானம் மறுபடி கறுத்துவிட்டது. மாப்பிள்ளை சாலையைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார், மேட்டின்மேலேயே நேராக வண்டியை விட்டார். பாதி ஏற்றத்தில் பின்சக்கரம் சேற்றில் மாட்டியது. அவர் வேகத்தைக் கூட்டினார். வண்டியின் முன்பக்கம் அண்ணனையும் சேர்த்துத் தூக்கியது. ஈர இரும்பில் அவர் கால் வழுக்கிப் பக்கவாட்டில் விழுந்தார். மாப்பிள்ளை பதறிப்போய் கிளட்சை மிதித்தார். எழும்பிய முன்சக்கரம் இறங்கியது. அது அவருடைய வலது பாதத்தின்மேல் இறங்கியது.

அவர் கத்தவில்லை. "மாப்ளே, வண்டி, வண்டி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

சர்க்கரை உடம்பில் புண் ஆறவில்லை. பாதம் கறுத்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டால் உயிரைக் காப்பாற்றலாம் என்றார் மருத்துவர். தங்கைதான் சம்மதம் சொன்னாள். மாப்பிள்ளை மருத்துவமனை நடையில் இருந்த பெஞ்சிலேயே நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். வார்டுக்குள் வரமாட்டார். தங்கை அவரைக் கடந்து போகும்போது முகத்தைப் பார்க்கமாட்டாள்.

மயக்கம் தெளிந்ததும் அண்ணன் அவளிடம் கேட்டார்: "மிச்சக் கட்டெல்லாம் உள்ள வந்துச்சா?"

"அழுகிப்போச்சுண்ணே. எல்லாம் போச்சு."



வீட்டுக்கு அழைத்து வந்த பிறகு தங்கை ஒரு வெல்டரைக் கூட்டி வந்தாள். அவன் பழைய தகட்டில் ஒரு பெட்டி செய்து டிராக்டரின் முன்னால் போல்ட் போட்டு மாட்டினான். அதில் கல்லும் கம்பித் துண்டும் போட்டு சிமெண்டைக் குழைத்து ஊற்றினான். காலையில் வந்தவன் வேலையை முடித்துவிட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் தன் வீட்டுக்குப் போய்விட்டான். மாப்பிள்ளை அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, கொட்டகைக்குள் போய் மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்துகொண்டார். பால் கறக்கும் நேரம் வந்தும் அவர் எழவில்லை. தங்கைதான் கறந்தாள். அன்றிலிருந்து டிராக்டரை ஓட்டியதும் அவள்தான்.

அண்ணன் அறை வாசலில் நாற்காலியில் இருந்தபடி அந்தப் பெட்டியை நெடுநேரம் பார்த்தார். "இவ்ளோ லேசான வேலையா இது" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

அவருக்குக் கேலி வருவது நின்றுபோனது. உடம்பும் வற்றத் தொடங்கியது. அவரைத் தூக்குவது, குளிப்பாட்டுவது, சட்டை மாற்றுவது எல்லாம் மாப்பிள்ளை செய்தார். யாரும் சொல்லிச் செய்யவில்லை. இருவருக்கும் பேச்சு என்று பெரிதாக இல்லை. கையைத் தூக்குங்க, சாய்ஞ்சுக்குங்க, அவ்வளவுதான்.

ஒருநாள் முதுகு தேய்த்துக்கொண்டிருக்கும்போது மாப்பிள்ளை சொன்னார்: "அன்னிக்கு நான் சுத்தி வந்திருக்கணும் மச்சான்."

"ஆமா. சுத்தித்தான் வந்திருக்கணும்" என்றார் அவர். கண்ணை இடுக்கிக்கொண்டு, "சோப்பு கண்ணுல போகுது, தொடைச்சு விடு" என்றார்.

தங்கை ஜன்னல் வழியாக இதைக் கேட்டாள். அன்றைக்குத்தான் பல மாதங்களுக்குப் பிறகு கணவருக்குத் தன் கையால் தட்டில் பரிமாறினாள்.

இடது காலிலும் புண் வந்தது. அதை எடுக்க அவர் ஒத்துக்கொள்ளவில்லை. தங்கை எவ்வளவோ மன்றாடினாள். "இருக்கறத இருக்கற மாதிரி விடும்மா" என்றுவிட்டார்.

குளிர்காலம் முடியும் சமயம், ஒரு காலையில் மாப்பிள்ளை வழக்கம்போல அவரை நாற்காலியில் உட்கார்த்தி, தலையைத் தன் கையில் தாங்கிக்கொண்டு தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். "சூடு போதுமா மச்சான்" என்று கேட்டார். பதில் வரவில்லை. கண் மூடியிருந்தது. தூங்குகிறார் போலிருக்கிறது என்று இன்னும் இரண்டு செம்பு ஊற்றினார். பிறகு ஊற்றுவதை நிறுத்தினார். துண்டை எடுத்து முகம், கழுத்து, விரலிடுக்கு என்று ஈரம் போகத் துடைத்தார். உலர்ந்த சட்டையைப் போட்டு, பட்டன்களை ஒவ்வொன்றாக மாட்டினார். அதன்பிறகுதான் மனைவியைக் கூப்பிட்டார்.