ஈயம் ஏறிய விஜயாவும் என் கையெழுத்தும்

கஞ்சாவோடு நாள் முழுக்கப் புழங்கி அதற்குச் சம்பளமும் வாங்குகிற வேலை என்னுடையது. போலீஸ் பிடிக்காது, மேனேஜர்தான் பிடிப்பார். ஆயுர்வேதக் கம்பெனிகள் லைசென்ஸ் எடுத்துக் கஞ்சா இலையில் காய்ச்சும் தைலங்களைச் செம்பூரில் ஒரு லேப்பில் சோதிக்கிறேன். பாட்டில் லேபிளில் கஞ்சாவின் பெயர் விஜயா. 'கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணுங்க' என்று கேட்டுக் கேட்டே நொந்துபோனவரா நீங்கள்? அப்படியானால் நாம் ஒரே ஜாதி.

தாராவியில் ஒரு பெண் பார்க்கும் படலம்

சயானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். ஸ்டவ் பக்கத்திலேயே அம்மா எனக்குப் பாடம் எடுத்தாள். "ஏட்டி, தைலம் டெஸ்ட் பண்ணுதேன்னு மட்டும் சொல்லு. என்ன தைலம்னு கேட்டா தண்ணி எடுக்கப் போயிரு."

கேட்டார்கள். நான் எதற்குப் போக வேண்டும்? கஞ்சாத் தைலம் என்று பளிச்சென்று சொன்னேன். அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். மாப்பிள்ளையின் அப்பா டம்ளரைக் கீழே வைத்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "எம்மா, மூட்டு வலிக்கு ஒரு பாட்டில் கெடைக்குமா?"

பாதி பாஸ்

மாதுங்காவில் ஒரு தைலக் கம்பெனி. முதலாளி பாலக்காட்டுக்காரர், பேச்சில் தேன் ஒழுகும். மூட்டு வலிக்குத் தினமும் பாலில் விட்டுக் குடிக்கிற தைலத்தைச் சோதனைக்கு அனுப்பினார். விஜயா சரியான அளவில் இருந்தது. ஈயம்தான் எல்லை தாண்டியிருந்தது. இலை விளைந்த மண்ணிலிருந்து ஏறியிருக்க வேண்டும். தினமும் குடித்தால் உடம்பில் சேர்ந்துகொண்டே போகும். ஃபெயில் என்றேன். வேறு சாம்பிள் அனுப்புவதாகச் சொன்னார்.

இரண்டாவது சாம்பிளில் ஈயம் இல்லை. விஜயாவும் இல்லை. பயந்துபோன மனிதர் வெறும் நல்லெண்ணெயில் பச்சைச் சாயத்தைக் கலந்து அனுப்பியிருந்தார். போனில் சொன்னேன். உடனே கேட்டார்: "ஈயம் இல்லைன்னேளே, அப்போ பாதி பாஸ்தானேம்மா?"

ஒட்டுப் போட்ட ரிப்போர்ட்

அந்தப் பாதியை மேனேஜர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். விஜயாவின் அளவை முதல் சாம்பிளிலிருந்தும் ஈயத்தின் அளவை நல்லெண்ணெயிலிருந்தும் எடுத்து, ஒரே ரிப்போர்ட்டாக அடித்து என் மேஜையில் வைத்தார். தைல ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடும் அதிகாரம் எங்கள் லேப்பில் எனக்கு மட்டும்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போட மாட்டேன் என்றேன். வேலை போய்விடும் என்றார். போகட்டும் என்றேன். அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. "ரெண்டும் அவர் அனுப்பின சாம்பிள்தானே மேடம், இதுல பொய் எங்க இருக்கு?"

வீட்டு வைத்தியம்

மறுநாள் முதலாளியே கிங்ஸ் சர்க்கிளில் வாங்கிய மைசூர்பாகு டப்பாவோடு வந்து நின்றார். கூடவே மேனேஜர். முதல் சாம்பிளில் பிரிக்காமல் மிச்சம் இருந்த பாட்டிலை எடுத்து மேஜையில் வைத்தேன்.

"உங்க வீட்ல யாருக்காவது மூட்டு வலி உண்டா சார்?"

"ஆத்துக்காரிக்குத்தான். ரெண்டு முழங்காலும் போச்சு."

"அப்ப இதைக் கொண்டு போங்க. மாமி தினமும் குடிக்கட்டும். இப்பவே மாமிக்குப் போன் பண்ணிச் சொல்லுங்க, நான் கையெழுத்துப் போடுறேன்."

அவர் பாட்டிலைப் பார்த்தார். மேனேஜரைப் பார்த்தார். போனைத் தொடவில்லை. மைசூர்பாகு டப்பாவை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். "அவளுக்கு நான் வேற கம்பெனிதாம்மா வாங்கிக் கொடுக்கறேன்."

அன்றே ஃபெயில் என்று கையெழுத்துப் போட்டேன். வேலை போகவில்லை, ஏனென்றால் என்னை விரட்டிவிட்டால் பாஸாகிற தைலங்களுக்கும் கையெழுத்துப் போட அங்கே ஆள் இல்லை.