நாக்கைப் பற்றி நான் கேட்கவில்லை

கொரோனா என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் பல்லைக் கடிக்கத்தான் தோன்றுகிறது. புற்றுநோய் அறுவைச் சிகிச்சை படிக்க வந்தவள் நான். ஒரு வருடம் முழுக்க நசரத்பேட்டைப் பக்கம் கொரோனா வார்டில் பிளாஸ்டிக் அங்கிக்குள் வெந்து கிடந்தேன். முகப்பேர் வீட்டுக்குத் திரும்பினாலும் எரிச்சல் அடங்காது. தூங்கவிடாமல் அடித்தது என்பதற்காக ஒருநாள் என் போனைச் சுவரில் அடித்து நொறுக்கினேன்.

எங்களுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. ஆபரேஷன் தள்ளிப்போன புற்றுநோயாளிகளைப் போனில் கூப்பிட்டு விசாரித்து, யார் உடனே வர வேண்டும், யார் காத்திருக்கலாம் என்று பட்டியலில் குறிக்க வேண்டும். பூந்தமல்லியில் தையல் கடை வைத்திருந்த ஒரு பாய் என் பட்டியலில் இருந்தார். நாக்கின் ஓரத்தில் சுண்டைக்காய் அளவு புண். சீக்கிரம் வெட்டினால் ஓரம் மட்டும் போகும், பேச்சு மிஞ்சும்.

கூப்பிட்டேன். "காய்ச்சல் இருக்கா? இருமல்? மூச்சு வாங்குதா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லம்மா. நல்லாத்தான் கீறேன்."

"நல்லது" என்று போனை வைத்துவிட்டேன். காத்திருக்கலாம் என்று குறித்தேன். வார்டில் நாள் முழுக்கக் கேட்கிற கேள்விகள், தானாக வாயில் வந்துவிட்டன. நாக்கைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அட கர்மமே, புற்றுநோய் டாக்டராம் நான்!

மூன்று மாதம் கழித்து எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்தார். கழுத்தில் கட்டி. புண் நாக்கின் அடிவரை போயிருந்தது. முழு நாக்கையும் எடுக்க வேண்டும் என்று நான் சொல்லி முடிப்பதற்குள் அவர் மனைவியின் கை என் கன்னத்தில் இறங்கியது.

"அடிப்பாவி! போன்ல கேட்ட அதே கொரலு! ஜொரம் கீதா, இருமல் கீதான்னு கேட்டியே, நாக்கு எப்டி கீதுன்னு கேட்டியாடி? டாக்டரே நல்லதுன்னு சொல்ட்டாங்கன்னு நம்பிக்கினு இருந்தோமே!"

இன்னொரு அறை. உதடு கிழிந்தது. வாட்ச்மேன் ஓடிவந்து அந்த அம்மாவின் தோளைப் பிடித்துத் தரதரவென்று இழுத்தார். எனக்கு எங்கிருந்து அப்படி ஒரு வெறி வந்ததோ, "விடுய்யா! அவங்க அடிக்கட்டும்!" என்று கத்திக்கொண்டே அவர் நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். மனிதர் பின்னால் இருந்த நாற்காலியோடு விழுந்தார். தூக்கிவிட வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை.

ஆபரேஷன் அன்று காலை பாய் என்னைக் கூப்பிட்டனுப்பினார். அதற்குள்ளேயே பேச்சு குழறியது.

"இன்னிக்கப்புறம் பேச முடியாதுல்ல?"

"முடியாது பாய்."

"அப்ப இப்பவே சொல்லிடறேன். நின்னு கேட்டுக்கினு போ."

திட்டினார். என் படிப்பை, என் கையை, என்னைப் பெற்றவளை. எச்சிலும் ரத்தமும் தெறிக்கத் திட்டினார். "நீ வெளங்கவே மாட்ட" என்றார். மனைவி அவர் வாயைப் பொத்தப் போனாள். கையைத் தட்டிவிட்டுத் திட்டினார். ஸ்ட்ரெச்சர் வரும்வரை நின்று கேட்டேன்.

தியேட்டரில் அவர் மயங்கியதும் எங்கள் சீஃப் கத்தியை என்னிடம் நீட்டினார்.

"ஒரு வருஷமா உனக்குப் பெரிய கேஸே கிடைக்கலியேம்மா. இதை நீயே பண்ணு. நான் கூட நிக்கறேன்."

பட்டியலில் குறித்தது யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. என் முதல் பெரிய கேஸ். எனக்கு அழுகை வரவில்லை, சந்தோஷமாக இருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. கத்தியை வாங்கிக்கொண்டேன்.