அண்ணி சொல்லிக்கொடுத்த ஐந்து படங்கள்

அண்ணி யாரிடமாவது ஒரு கேள்வி கேட்டால், கேட்டுவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். வலது கைக் கட்டைவிரல் மற்ற நான்கு விரல்களின் கணுக்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போகும். மொத்தம் பன்னிரண்டு கணு. பன்னிரண்டும் முடியும்வரை மறுபடி கேட்கமாட்டார். பதினான்கு வருடமாக இதைப் பார்த்துவருகிறேன். "சாப்பாடு போடட்டுமா" என்று அண்ணனிடம் கேட்டாலும் இதே கதைதான்.

"பசிக்குதுன்னு சொல்ல எனக்கு இவ்வளவு நேரமா? நான் என்ன உன் ஸ்டூடன்டா?" என்பார் அண்ணன்.

"ஸ்டூடன்டா இருந்தா இந்நேரம் பதில் வந்திருக்கும்."

ஒருநாள் நானே கேட்டேன், எதற்கு இந்த எண்ணிக்கை என்று. "கேள்வி இங்கிலீஷ்ல உள்ள போகணும். தமிழா மாறணும். பதில் தமிழ்ல கெடைக்கணும். அது திரும்ப இங்கிலீஷா மாறி வெளிய வரணும். நடுவுல நாம மறுபடி கேட்டோம்னா, பாதி வழி வந்த பதில் பயந்து திரும்பிப் போயிடும்" என்றார்.

அண்ணி வேலை பார்த்தது உயர்நிலைப் பள்ளியில். டீச்சர் இல்லை, துணை ஆள். பாடமெல்லாம் ஆங்கிலத்தில் நடக்கும் பள்ளி அது. வேறு பள்ளியில் தமிழில் படித்துவிட்டுப் பாதியில் வந்து சேரும் பிள்ளைகளின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்காருவது அவர் வேலை. நான் அங்கேயே கூட்டித் துடைக்கிறேன். அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் அண்ணிதான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். வராந்தாவைத் துடைக்கும்போது ஜன்னல் வழியாகக் காதில் விழும் பாடம் எனக்குப் புரியாது. உள்ளே யாருக்குப் புரியவில்லை என்பது மட்டும் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

முந்தின நாளே பாடத்தை வாங்கி, அதிலிருந்து எட்டுச் சொற்களை மட்டும் எடுப்பார் அண்ணி. அட்டையின் ஒரு பக்கம் சொல், மறுபக்கம் படம். வகுப்பில் பிள்ளையை முதலில் தமிழில் பதில் சொல்ல வைப்பார், அவர் காதுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. பிறகு அந்த எட்டுச் சொற்களைக் கையில் கொடுத்து ஆங்கிலத்தில் சொல்லவைப்பார். அறிவியல் சாரின் பேச்சு நிற்காமல் ஓடும் ரயில். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கேட்கும் கேள்வியைப் பலகையிலும் எழுத வைத்தார். பையன்கள் அண்ணிக்கு 'சப்டைட்டில்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அண்ணி கோபப்படவில்லை. "தப்பில்லையே. படம் புரியணும்ல" என்றார்.

இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒன்பதாம் வகுப்புக்கு நடுவில் ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அப்பா லாரி ஓட்டுகிறவர். அம்மா சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர். பழைய பள்ளியில் கணக்கில் முதல் ஆளாம். இங்கே நான்கு மாதம் வாயைத் திறக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கவேண்டும் என்று அவளுக்கு ஆசை. அந்தப் படிப்பில் சேரப் பத்தாம் வகுப்பு அறிவியலில் தேறவேண்டும். தேறாவிட்டால் அம்மாவோடு இஸ்திரிப் பெட்டியைப் பிடிக்கவேண்டியதுதான் என்று அப்பா முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார்.

ஐந்தாவது மாதம் ஒருநாள், காற்றடித்தால் ஈரத்துணி ஏன் சீக்கிரம் காய்கிறது என்று சார் கேட்டார். கேள்வி பலகையில் இருந்தது. அண்ணியின் கட்டைவிரல் நகர்ந்துகொண்டிருந்தது. பத்தாவது கணுவிலோ பதினோராவதிலோ அவள் எழுந்து நான்கு ஆங்கிலச் சொற்கள் சொன்னாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. "சரியாத்தானே சொல்ற, சத்தமா சொல்லு" என்றார் சார். மறுபடியும் சொன்னாள். அன்றைக்கு நான் ஒரே இடத்தை மூன்று தடவை துடைத்தேன்.

வருடத்துக்கு இரண்டு முறை மேலதிகாரி அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்து இந்தப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத் தேர்வு வைப்பார். அறுபது எடுத்தால் பட்டியலிலிருந்து பெயர் நீங்கும். மறுநாளிலிருந்து பக்கத்தில் துணை உட்காராது. எத்தனை பெயர் நீங்கியது என்பதை வைத்துத்தான் அண்ணியின் வேலையையும் எடைபோடுவார்கள். அந்த வருடம் ஒரு பெயர்கூட நீங்கவில்லை.

"எத்தன நாளைக்கும்மா இடுப்புலயே தூக்கி வச்சிருப்பீங்க? எறக்கி விடுங்க, நடக்கட்டும்" என்றார் தலைமை ஆசிரியை.

அவள் பத்தாம் வகுப்புக்குப் போனதும் லாரிக்காரரும் வந்தார். "பத்தாவது படிக்கிற பொண்ணு பக்கத்துல ஆள் உக்காந்திருந்தா நல்லாவா இருக்கு? பாக்கறவங்க ஏதோ கொறையுள்ள புள்ளன்னு நெனைக்கறாங்க, மேடம்."

அண்ணிக்கு ஒரு விஷயம் தெரியும். தேர்வு வைக்க வரும் அம்மாள் ஒரு படத்தை நீட்டி அதைப் பற்றிப் பேசச் சொல்வார், எழுதச் சொல்வார். பதினான்கு வருடமாக அதே ஐந்து படங்கள்தான்: சந்தை, பஸ் நிறுத்தம், ஆஸ்பத்திரி, கடற்கரை, சமையலறை. மூன்று வாரம் மதிய இடைவேளையில் அண்ணி அந்தப் பெண்ணை உட்காரவைத்து, படத்துக்கு ஒன்பது வரி வீதம் சொல்லிக்கொடுத்தார். அந்த அறையைக் கூட்டிக்கூட்டி ஆஸ்பத்திரிப் படத்தின் ஒன்பது வரியும் எனக்கே பாடமாகிவிட்டது.

"வேற படம் வந்தா என்ன அண்ணி பண்றது?"

"வராது."

வரவில்லை. அவளுக்கு அறுபத்தெட்டு வந்தது. தலைமை ஆசிரியை ஆசிரியர் கூட்டத்தில் எல்லோரையும் கைதட்டச் சொன்னார். லாரிக்காரர் பிஸ்கட் பாக்கெட் வாங்கிவந்தார். அந்தப் பெண் மட்டும், "நாளைக்கும் வருவீங்கல்ல மேடம்?" என்று கேட்டாள். "இனிமே நான் எதுக்கு, நீயே பாத்துப்ப" என்றார் அண்ணி. அவரைக் கீழ்த்தளத்து வகுப்புகளுக்கு மாற்றினார்கள்.

அண்ணி போனதும் சார் பலகையில் கேள்வி எழுதுவதை நிறுத்திவிட்டார். எழுதச் சொல்லி நிற்க ஆள் இல்லை. இரண்டாவது வாரத்தில், அறிவியல் வகுப்பு நேரத்தில் அந்தப் பெண்ணைக் கழிவறையில் பார்த்தேன். குழாயடியில் சும்மா நின்றுகொண்டிருந்தாள். மறுநாளும் நின்றாள். அதற்கு மறுநாளும்.

"கிளாஸுக்குப் போகலையாம்மா?"

"அவரு பேசறது ஒண்ணுமே புரியல அக்கா. மேடம்கிட்ட சொல்லிடாதீங்க. பாவம், அவங்க சந்தோஷமா இருக்காங்க."

நான் சொல்லவில்லை. பெரியவர்கள் விஷயத்தில் மூக்கை நுழைப்பானேன் என்று மூன்று வாரம் பேசாமல் இருந்தேன். அரையாண்டுத் தேர்வில் அறிவியலில் அவளுக்குப் பதினொன்று. அதன்பிறகு, துணி மடித்துக்கொண்டிருக்கும்போது அண்ணியிடம் சொன்னேன்.

"எத்தன நாளா?"

"ஒரு மாசம் இருக்கும்."

அண்ணி என்னைத் திட்டவில்லை. கையிலிருந்த சட்டையை மடித்து முடித்தார். "ஐநூறு சொல்லு கத்துக்கவேண்டிய பொண்ணுக்கு அஞ்சு படத்தக் கத்துக்குடுத்து அனுப்பிட்டேன்" என்றார்.

மறுநாள் தலைமை ஆசிரியையின் அறைக்குப் போனார். நான் வாசலைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அவ பேர மறுபடியும் பட்டியல்ல சேக்கணும்மா. அந்த மார்க் அவளோடது இல்ல. படமெல்லாம் நான் முன்னாடியே சொல்லிக்குடுத்தது."

"நீங்க சொன்னது என் காதுல விழல. வீட்டுக்குப் போங்க."

"எழுதிக் குடுக்கறேன்."

"எழுதினா இத்தன வருஷம் நீக்கின பேரெல்லாம் கேள்வியாயிடும். உங்க வேலையும் சேத்துத்தான். யோசிச்சுக்குங்க."

வீட்டில் அண்ணனும் தடுத்தார். "சொந்தச் செலவுல சூனியம் வச்சுக்காத. அடுத்த வருஷம் வேற வழி பாத்துக்கலாம்."

"அடுத்த வருஷம் அவ பத்தாவது முடிஞ்சிருக்கும்" என்றார் அண்ணி. எழுதி அனுப்பிவிட்டார். எழுதினால் பெயர் திரும்பச் சேரும், மறுபடி பக்கத்தில் போய் உட்காரலாம், மீதி நான்கு மாதத்தில் தேற்றிவிடலாம் என்று நம்பினார்.

அலுவலகம் அந்த மதிப்பெண்ணை ரத்து செய்தது. அப்பாவை வைத்துக்கொண்டு மறுதேர்வு என்றது. அண்ணியை அறைக்குள் விடவில்லை. இந்தத் தடவை புதிய படம், ஏதோ ஒரு தொழிற்சாலை. கதவு ஒருக்களித்திருந்தது. அவள் குரல் நன்றாகக் கேட்டது. முதல் வரியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது, அது ஆஸ்பத்திரிப் படத்தின் வரி. பயத்தில் ஒன்பது வரியையும் அப்படியே ஒப்பித்தாள். லாரிக்காரருக்கு ஆங்கிலம் தெரியாது. மகள் தடங்கலில்லாமல் பேசுகிறாள் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். முப்பத்தொன்று என்று சொன்னபோதுதான் அவர் தலை நின்றது.

மறுதேர்வில் நாற்பதுக்குக் கீழே போனால் இரண்டு வகுப்பு கீழே உட்காரவேண்டும் என்பது விதி. "பதினாறு வயசுப் பொண்ணு சின்னப் புள்ளைங்களோடயா? திருட்டு மார்க்குன்னு வேற பேரு. போதும், நட" என்றார் அப்பா.

அண்ணி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தார். அந்தப் பெண் அவர் முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க சும்மா இருந்திருக்கலாம் மேடம்."

"நீ ஃபெயில் ஆயிடுவியேன்னுதான்..."

"ஃபெயில் ஆனாலும் பத்தாவதுலதானே ஆயிருப்பேன். திரும்ப எழுதியிருப்பேன்."

அண்ணி பதில் சொல்லத் தொடங்குவதற்குள் அவள் படியிறங்கிவிட்டாள்.

இது நடந்து ஏழு மாதம் ஆகிறது. அண்ணி இப்போது பள்ளி நூலகத்தில் புத்தகங்களுக்கு எண் ஒட்டுகிறார். வகுப்புக்குள் போக அனுமதி இல்லை. அந்தப் பெண் அம்மாவோடு சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறாள். தேர்வுப் படங்களை அலுவலகம் மாற்றிவிட்டது. ஒன்பதாம் வகுப்பில் இந்த வருடம் ஆங்கிலம் தெரியாத பிள்ளைகள் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் பக்கத்தில் உட்கார இன்னும் ஆள் போடவில்லை.