உறை பிரிக்காத படுக்கை

என் கணவருடைய இடுப்பில் அந்தப் புண்ணைப் பார்த்த காலையில் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. முதலில் சின்னதாகச் சிவந்துதான் இருந்தது. உரசல் என்று நினைத்துப் பவுடர் போட்டேன். ஒரு வாரம் போவதற்குள் தோல் கழன்று குழி விழுந்துவிட்டது. வாடை வந்தது. அவருக்கு இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாததால் வலி தெரியவில்லை. "என்ன எஸ்தரு, மொகத்தத் திருப்பிக்கிற?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

நாங்கள் மலையாளச் சீமையில், ஆனைக்கரைக்குப் பக்கத்தில் ஏலத்தோட்டங்களுக்கு நடுவே இருக்கிற ஒரு சின்னத் தமிழ்க் கிறிஸ்தவச் சபையைச் சேர்ந்தவர்கள். நானும் தோட்ட வேலைக்காரி, அவரும் தோட்ட வேலைக்காரர். மழைக்கு முன்னால் ஏலச்செடிக்கு வெளிச்சம் விழுவதற்காக நிழல் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பார்கள். அதைக் கவாத்து என்போம். போன வருஷக் கவாத்தில் கிளையோடு சேர்ந்து அவரும் கீழே வந்துவிட்டார். தேனிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தும் கால்கள் எழும்பவில்லை. இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஒரே மகள் கம்பத்தில் கைக்குழந்தையோடு இருக்கிறாள். அவளும் எத்தனை நாள் வந்து நிற்க முடியும்?

சபையார் வந்தார்கள், குறை சொல்ல மாட்டேன். பாட்டுப் பாடினார்கள், தலைமாட்டில் நின்று ஜெபித்தார்கள், ரொட்டியும் ஆரஞ்சும் வைத்துவிட்டுப் போனார்கள். அது காய் எடுப்புக் காலம். விடிந்தால் எல்லாரும் ஜீப் ஏறித் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். ஆரஞ்சைப் பார்த்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

படுத்த படுக்கையானவர்களை வீடு தேடி வந்து பார்க்கிற பஞ்சாயத்துப் பாலியேட்டிவில் இருந்து ஒரு நர்ஸ் சிஸ்டர் வீட்டுக்கு வந்து புண்ணைக் கட்டினார். மலையாளி. எங்களோடு பேசிப் பேசி அவருக்குப் பாதித் தமிழ் வரும். "சேச்சி, இது ஆழத்துக்குப் போகுது. ஏர் பெட் வேணும். இல்லேன்னா புண்ணு வழியா சீழு எலும்புக்கு இறங்கும். பின்ன ஆளு உயிரோட கிட்டாது" என்றார். பஞ்சாயத்தில் இருந்த காற்றுப் படுக்கைகள் எல்லாம் யார் யார் வீட்டிலோ இருந்தன. ஒன்று திரும்பி வந்ததும் தருகிறேன் என்றார்.

அப்போது என் மனதில் வந்ததை அப்படியே சொல்கிறேன். 'ஸ்தோத்திரம் ஆண்டவரே, எனக்காகவே முன்னாடியே ஆயத்தப்படுத்தி வைத்திருக்கிறீரே' என்று சந்தோஷப்பட்டேன். இன்றைக்கு அந்த ஸ்தோத்திரத்தை நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால் எங்கள் சபையில் ஒரு ஏர் பெட் இருந்தது. வளைகுடாவில் வேலை பார்க்கிற ஒரு சகோதரர், படுக்கையில் கிடந்து இறந்துபோன தன் தாயாரின் நினைவாக அதைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தார். கூடவே ஒரு சக்கர நாற்காலி, ஒரு வாக்கர், கழிப்பறையாக உதவுகிற நாற்காலி ஒன்று. பாஸ்டர் அவற்றைப் பிரதிஷ்டை செய்து, சபைக் கோயிலை ஒட்டிய அறையில் வைத்து, சாவியை என்னிடம் தந்தார். "சிஸ்டர், இதுக்கு நீங்கதான் உக்கிராணக்காரி" என்றார். நான்கு பேர் நடுவில் அவர் அப்படிச் சொன்னதும் எனக்குத் தலை கால் புரியவில்லை. பெண்கள் சங்கத்தில் எத்தனையோ பேர் இருக்க, என்னைப் பார்த்தல்லவா சொன்னார்.

அன்று முதல் அவற்றைப் பிள்ளை போலப் பார்த்துக்கொண்டேன். சனிக்கிழமை கோயில் கூட்ட வரும்போதெல்லாம் அறையைத் திறந்து தூசி துடைப்பேன். ஏர் பெட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை. அறுப்பின் பண்டிகை அன்று ஏலம் விடுகிற பூசணிக்காய்க்கும் வாழைத்தாருக்கும் பக்கத்தில் அவற்றையும் எடுத்து வைப்போம். வருகிறவர்கள் தொட்டுப் பார்த்து, "வாங்குனபடியே இருக்கே" என்பார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோகும். யாராவது இரவல் கேட்டால் ஏதாவது காரணம் என் நாக்கு நுனியில் தயாராக இருக்கும். திரும்பி வராது, அழுக்காக்கிவிடுவார்கள், கமிட்டியில் கேட்க வேண்டும். நான் அதைக் கஞ்சத்தனம் என்று நினைக்கவில்லை. ஆண்டவருடைய பொருளைக் காக்கிறேன் என்றுதான் நினைத்தேன்.

அப்படிக் கேட்டு வந்தவர்களில் ஒருத்தி லெச்சுமி. எங்கள் வீட்டுக்குக் கீழே, அதே சரிவில்தான் அவள் வீடு. என்னோடு ஒரே நிரையில் காய் எடுப்பவள். அவளுடைய கணவர் பாண்டிக்கு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து கிடந்தார். என் கணவர் விழுவதற்கு முந்தின மழைக்காலத்தில் ஒரு சனிக்கிழமை, கோயில் படிக்குக் கீழே செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நின்றாள்.

"அக்கா, அவுகளுக்கு முதுகெல்லாம் பொத்துப் போச்சு. இங்க காத்துப் படுக்க ஒண்ணு இருக்காமே."

"அது காணிக்கப் பொருளு லெச்சுமி. கமிட்டில கேட்டுத்தான் குடுக்கணும்."

"கேட்டுச் சொல்லுங்கக்கா."

நான் கேட்கவே இல்லை. அடுத்த வாரமும் வந்து நின்றாள். பாஸ்டர் ஊரில் இல்லை என்றேன். உள்ளுக்குள் நான் நினைத்தது வேறு. அவர்கள் சபையைச் சேர்ந்தவர்கள் இல்லை. அந்த வீட்டில் போட்டால் படுக்கை என்ன கதிக்கு ஆகும்? அதன் பிறகு அவள் கேட்டு வரவில்லை. அந்த மழையிலேயே பாண்டி இறந்துபோனார். துக்கத்துக்குப் போனேன். குடையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றுவிட்டு, வேலை இருக்கிறது என்று சீக்கிரமே கிளம்பிவிட்டேன். உள்ளே வாடை அடித்தது. மழை ஈரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

இப்போது என் வீட்டுக்கு அந்த வாடை வந்துவிட்டது. சிஸ்டர் கிளம்பியதும் ஓட்டமும் நடையுமாகக் கோயிலுக்குப் போனேன். அறையைத் திறந்து உறையைப் பிரித்தேன். எங்கள் ஊரில் மூடுபனி எதையும் விடாது, சுவரே வேர்த்திருக்கும். மடித்தபடியே கிடந்ததில் படுக்கை ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தது. மெதுவாகப் பிரித்தேன். மடிப்பு மடிப்பாகக் கிழிந்து வந்தது. விரிக்க விரிக்கக் கிழிந்தது. ஒரு மனுஷர்கூடப் படுக்காத படுக்கை அது.

தரையில் உட்கார்ந்து அதை மடியில் போட்டுக்கொண்டு ஜெபிக்கப் பார்த்தேன், வாய் வரவில்லை. லெச்சுமி படிக்குக் கீழே நின்றதுதான் கண்ணில் நின்றது. வீட்டுக்கு வந்து அடுப்படியில் முழங்கால் போட்டேன். 'ஆண்டவரே, நான் கேட்கத் தகுதி இல்லாதவள். என் கணவர் என்ன பாவம் செய்தார்? அவருக்காக ஒரு படுக்கை கொடும்' என்று கெஞ்சினேன். யாரிடமாவது போய்க் கேட்கவும் வெட்கமாக இருந்தது. இல்லை இல்லை என்று சொல்லியே பழகிய வாய் அல்லவா?

படுக்கை வரவில்லை. மறுநாள் சிஸ்டர் வந்தபோது, "பெட் கிட்டற வரைக்கும் ரெண்டு மணிக்கூர்ல ஒருக்கா ஆளைப் பொரட்டிப் படுக்க வைக்கணும். ஒத்தைக்குச் செஞ்சா புண்ணு உரசும். கூட ஒரு ஆளு வேணும் சேச்சி" என்றார். என் கணவர் நல்ல கனத்த உடம்பு. தனியாகப் பிடித்துத் தள்ளிப் பார்த்தேன். அவர் சரிந்து கட்டில் சட்டத்தில் மோதிக்கொண்டார். "விடு எஸ்தரு, போதும்" என்றார். அந்தப் 'போதும்' எனக்குப் பயமாக இருந்தது. மனுஷர் வாழ்ந்தது போதும் என்கிறார் என்று புரிந்தது.

அடுத்த நாள் காலை, ஜீப் வருகிற நேரம். காய் எடுக்கிற பையை இடுப்பில் கட்டியபடியே லெச்சுமி வாசலில் நின்றாள்.

"சிஸ்டர் சொன்னாக. அண்ணன நான் இடுப்புல பிடிக்கேன். நீங்க தோளப் பிடிங்க."

அவள் எனக்காகக் காத்திருக்கவில்லை. உள்ளே போய் அவருக்கு அடியில் இருந்த துணியை இழுத்துச் சரிசெய்து, ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். இரண்டு பேருமாகப் புரட்டினோம். அவர் முதுகுக்கு முட்டுக் கொடுக்கப் பழைய சேலையைச் சுருட்டி வைத்தாள். ஹாரன் சத்தம் கேட்டதும் போய்விட்டாள். சாயங்காலம் கைக்கறையைக்கூடக் கழுவாமல் மறுபடி வந்தாள். மறுநாளும் வந்தாள். மழை என்று பார்க்கவில்லை, அலுப்பு என்று சொல்லவில்லை. அவள் இல்லாத நேரத்தில், அடியில் விரித்த சேலையை இழுத்துத் தலையணை முட்டுக் கொடுத்து நான் ஒருத்தியே அவரைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ப்பதற்கும் வழி காட்டித் தந்தாள். நான் படுக்கை கேட்டேன். கர்த்தர் ஆளை அனுப்பினார். அதுவும் யாரை அனுப்பினார், பாருங்கள்.

அவள் வருகிற ஒவ்வொரு நேரமும் எனக்கு முகம் எரியும். ஒரு நாள் தாங்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"லெச்சுமி, அன்னைக்கு நான் கமிட்டில கேக்கவே இல்ல."

"தெரியும்க்கா. பாஸ்டரு ஊர்லதான் இருந்தாரு. டீக்கடையில பாத்தேன்."

அவள் என் கணவரின் காலைத் தடவிப் பார்த்து, "வெளக்கெண்ண இருக்கா? குதிங்காலு காஞ்சு கெடக்கு" என்றாள்.

எண்ணெய்க் கிண்ணத்தை எடுத்து வந்து கொடுத்தேன். "பெறகு ஏன் லெச்சுமி வார?" என்று கேட்டேன்.

எண்ணெயைக் கையில் ஊற்றிக் காலைத் தேய்க்க ஆரம்பித்தாள். "அவுக கெடந்தப்ப என்னால ஒத்தையில பொரட்ட முடியல. நான் தெனம் மாரியாத்தாகிட்ட, யாரையாச்சும் அனுப்பி விடு தாயின்னுதான் கேட்டேன். ஒரு ஆளும் வரல. அந்தத் தவிப்பு இன்னொருத்திக்கு வேண்டாம்க்கா" என்றாள்.

இதைச் சொல்லும்போது அவள் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

மழை விடுகிற சமயத்தில் சிஸ்டர் கட்டைப் பிரித்துப் பார்த்து, "நோக்கு சேச்சி, நல்ல சிவப்பா தசை வளருது" என்றார். பஞ்சாயத்துப் படுக்கை ஒன்றும் அதற்குப் பிறகு கிடைத்தது. கிறிஸ்துமஸுக்குப் புண் மூடிவிட்டது. என் கணவர் நடக்கவில்லை, அதை மறைக்க மாட்டேன். ஆனால் கட்டிலில் சாய்ந்து உட்காருகிறார், ஏலக்காய் தரம் பிரிக்கிறார், உப்பு இல்லை என்று என்னைத் திட்டுகிறார். அந்தப் 'போதும்' அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. இது கர்த்தர் செய்தது. எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

புது வருஷ ஆராதனையில் சாட்சி சொல்கிற நேரத்தில், கிழிந்த படுக்கையைச் சபைக்கு முன்னால் கொண்டுபோய் வைத்தேன். வியாதி குணமானதை மட்டும் சொல்லிவிட்டு உட்காரலாம் என்று பிசாசு எவ்வளவோ சொன்னான். எல்லாவற்றையும் சொன்னேன். கொடுத்த சகோதரருக்கும் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். அன்றே அந்த அறையின் பூட்டை எடுத்துவிட்டோம். சக்கர நாற்காலி இப்போது ஒரு எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில் இருக்கிறது, கால் வைக்கிற பலகை உடைந்துவிட்டது. வாக்கரைக் காளியம்மன் கோவில் பூசாரி வைத்திருக்கிறார். கழிப்பறை நாற்காலி யார் வீட்டில் இருக்கிறதென்று எனக்கே தெரியாது. ஸ்தோத்திரம்.

லெச்சுமி ரட்சிக்கப்பட்டாளா, சபைக்கு வருகிறாளா என்று சிலர் கேட்கிறார்கள். அவளிடம் அதைப் பற்றிப் பேச எனக்கு இன்னும் வாய் இல்லை. என் நடத்தையில் அவள் என்ன ஆண்டவரைப் பார்த்திருப்பாள்?

பிரியமானவர்களே, கர்த்தரிடம் கேளுங்கள். வெட்கமாக இருந்தாலும் கேளுங்கள், தகுதி இல்லாவிட்டாலும் கேளுங்கள். எனக்கே கொடுத்தவர் உங்களுக்குக் கொடுக்காமல் போக மாட்டார். கூடவே, அவர் உங்கள் கையில் தந்திருக்கிற வண்டி, வீட்டில் சும்மா கிடக்கிற அறை, உங்கள் இரண்டு கைகள் எல்லாம் யாருக்காகத் தரப்பட்டவை என்று ஒரு தரம் அவரிடமே கேட்டுவிடுங்கள். நான் கேட்கவில்லை.

நான் அழுதபோது கர்த்தர் லெச்சுமியை அனுப்பினார். லெச்சுமி அழுதபோது ஏன் ஒருவரும் போகவில்லை என்று பல நாள் யோசித்தேன். அவர் அனுப்பாமல் இல்லை. என்னைத்தான் அனுப்பியிருந்தார். நான் போகவில்லை.