வெயில் காயும் பீங்கான் குழாய்கள்

என் சித்தப்பாவுக்கு வேலை, சாயத் தண்ணீரைச் சுத்தமாக்கும் பீங்கான் சவ்வுக் குழாய்கள் செய்வது. நுண்துளைகள் நிறைந்த குழாயை வெள்ளைப் பூச்சில் முக்கி, உலர்த்தி, சூளையில் சுடுவார். புற ஊதா விளக்கின் ஒளி பட்டால் அந்தப் பூச்சு தண்ணீரிலுள்ள சாயத்தைச் சிதைத்துவிடும். குழாய்கள் ஒரே நாளில் வெந்துவிடும். சித்தப்பாதான் தற்காலிகப் பணியாளராக வருடக்கணக்கில் வெந்துகொண்டிருந்தார்.

"இந்த ஆர்டர் கிடைக்கட்டும், உன்னை நிரந்தரமாக்கிடறேன்" என்று முதலாளி வாக்குக் கொடுத்த மறுநாள், சாயப்பட்டறைக்காரர் ஒருவர் சோதனை பார்க்க வந்தார். சித்தப்பா நீலத் தண்ணீரைக் குழாய் வழியே ஓடவிட்டார். பளிங்காக வெளியே வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். அப்போதுதான் கவனித்தார், விளக்கைப் போடவே இல்லை.

புதுக் குழாய் அப்படித்தான். பஞ்சு மாதிரி கொஞ்சம் சாயத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். வயிறு நிரம்பினால் நீலம் நீலமாகவே வெளியே வரும். அதனால் முதலில் இருட்டில் சாயத் தண்ணீரில் ஊறவைத்து அதன் பசியை அடக்கிவிட்டு, பிறகு விளக்கைப் போட்டுக் காட்டுவதுதான் முறை. பதற்றத்தில் சித்தப்பா மறந்துவிட்டார்.

முதலாளியின் காதருகே குனிந்தார். "சார், விளக்கு போடல."

"போடாமலே இப்படியா!" முதலாளி பட்டறைக்காரர் பக்கம் திரும்பினார். "கரண்ட் செலவே இல்லைங்க!"

"சார், அது வந்து..."

"நிரந்தரம் வேணுமா, வேண்டாமா?"

நீலம் எட்டிப் பார்ப்பதற்குள் சித்தப்பா தண்ணீரை நிறுத்தினார்.

விளக்கில்லாத மாடலுக்கு ஆர்டர் வந்தது. நிரந்தரமும் வந்தது. சித்தி உறவு முழுக்க போன் போட்டுச் சொல்லி முடிப்பதற்குள், பட்டறையில் நீலத் தண்ணீர் கொட்டத் தொடங்கியது. பட்டறைக்காரர் வந்து குதித்தார். முதலாளி அசரவில்லை.

"குழாய்க்கும் ஓய்வு வேணுமில்ல சார்? எங்க நிபுணர் வந்து மாத்தித் தருவார்."

நிபுணர் என்றால் சித்தப்பா. இப்போது சூளைப் பக்கமே அவர் போவதில்லை. பட்டறைக்குப் போய் நீலமேறிய குழாய்களைக் கழற்றி வந்து, கம்பெனி மொட்டைமாடியில் பரப்பி, தண்ணீர் தெளித்து வெயிலில் வைக்கிறார். விளக்கு செய்யவேண்டிய வேலையைச் சூரியன் செய்கிறது. குழாய் வெளுக்கிறது, சித்தப்பா கறுக்கிறார்.

ஊர் ஊராகச் சுற்றும் என் வேலைக்கு நடுவே அவரைப் பார்க்கப் போயிருந்தேன். "பேசாம ஒரு விளக்கை மாட்டிட்டா இந்த அலைச்சலே இல்லையே, சித்தப்பா?"

"மெதுவாப் பேசுடி! ஊர் ஊரா சுத்திட்டு வந்து இதைத்தான் கத்துக்கிட்டியா? விளக்கு மாட்டினா அப்புறம் நான் எதுக்கு?" படிக்கட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்தார். "வந்ததே வந்த, அந்த முனையைப் பிடிச்சுத் திருப்பு. ஒரு பக்கமே வெளுக்குது பாரு."