கோல சிலாங்கூர் அருங்காட்சியகத்தில் ஒரு கண் பரிசோதனை

கோல சிலாங்கூருக்குப் பலரும் மின்மினிப்பூச்சி பார்க்கத்தான் போவார்கள். போன புதன்கிழமை நான் போனது, என் கணவருக்குக் கண் தெரிகிறதா என்று பார்க்க.

அவர் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். கண்புரை அறுவை முடிந்து ஒரு மாதமாகிறது. கேட்டால், "நல்லா தெரியுது லா" என்பார். ஆனால் சீனி என்று நினைத்துக் காப்பியில் உப்பைப் போட்டார். நாளேட்டைக் கொடுத்தால், காலையில் நான் வாசித்துக் காட்டியதையே திருப்பிச் சொன்னார். திங்கட்கிழமை வேலைக்கு வருவதாக முதலாளியிடம் சொல்லியும் விட்டார். எனக்குத் தூக்கம் போயிற்று.

உலு யாமிலிருந்து காலை ஒன்பதுக்குக் கிளம்பினோம். நான்தான் ஓட்டினேன். வழியெல்லாம் சாலைப் பலகைகளை வாசித்துக்கொண்டே வந்தார். நான் நம்பவில்லை. அவர் லோரி ஓட்டிப் பழகிய சாலை. கண்ணை மூடிக்கொண்டும் சொல்வார். பத்தரைக்கு அருங்காட்சியகம் இருக்கும் குன்றின் மேல் இருந்தோம்.

அருங்காட்சியகம் சிறியது. பீரங்கிக் குண்டுகள், பானை ஓடுகள், கிரிஸ் கத்திகள். எதையும் அவர் முன்பு பார்த்ததில்லை. அதற்காகவே அழைத்து வந்தேன். ஒரு கண்ணாடிப் பெட்டியின் மூலையில் சின்ன அட்டை இருந்தது.

"அதுல என்னங்க எழுதிருக்கு?"

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "பரீட்சையா?"

நான் அட்டையைச் சுட்டிக் காட்டினேன். அவர் குனிந்தார்.

"டுயிட் தீமா... ஈயக் காசு. ஆத்தோரமா கெடச்சுதாம்."

அடுத்த அட்டையையும் வாசித்தார். அதற்கடுத்ததையும். பிறகு தணிந்த குரலில் சொன்னார்: "மொதல்ல எல்லாம் பொகையாத்தான் தெரிஞ்சுச்சு, செல்வி. ஆப்ரேஷன் கெட்டுப்போச்சோன்னு பயந்துட்டேன். உன்கிட்ட எப்படிச் சொல்றது?"

"இப்ப?"

"போன வாரத்துலேர்ந்து பரவால்ல. இன்னிக்குத்தான் எனக்கே நம்பிக்கை வந்துச்சு."

பெட்டியில் சாய்ந்து நின்று அழுதுவிட்டேன்.

"ஏய், சாயாத. 'ஜாங்கான் சந்தார்'னு போட்டிருக்கு பாரு."

உண்மைதான். என் முழங்கைக்குப் பக்கத்திலேயே, கட்டைவிரல் அகலத்தில் ஒட்டியிருந்தார்கள்.

வெள்ளிக்கிழமை மருத்துவரிடமும் காட்டிவிட்டுத்தான் லோரி என்று ஒத்துக்கொண்டார். மதியம் ஆற்றுக்கு அக்கரையில், பாசிர் பெனம்பாங்கில் நண்டு சாப்பிட்டோம். பல நாளைக்குப் பிறகு எனக்குப் பசித்தது.

போகிறவர்களுக்கு: வார நாளில் கார் குன்றின் மேலேயே போகிறது, வார இறுதியில் டிராம்தான். எங்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்கவில்லை. திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். அரை மணியில் சுற்றிவிடலாம் என்பார்கள். எங்களுக்கு இரண்டு மணி நேரம் ஆனது. ஓர் அட்டையையும் அவர் விடவில்லை. நானும் ஒருமுறைகூட "போதும், வாங்க" என்று சொல்லவில்லை.